யாரை எடுப்பாங்க மாப்ளே?

ஐ.பி.எல். ஏலத்துக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் டீக்கடைக்கு வந்தீர்களானால் பெஞ்சில் உட்கார இடம் கிடைக்காது. இடம்: மதுரை, சிம்மக்கல். ஆட்கள்: ஒரு பேங்க் கேஷியர், ஒரு இன்ஷூரன்ஸ்காரர், ஒரு ஜவுளிக்கடை சூப்பர்வைசர், மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிற தம்பி ஒருத்தன், அப்புறம் அடியேன். ஐந்து பேர் கையிலும் ஆளுக்கொரு வெள்ளைத்தாள். பரீட்சை ஹாலில்கூட நாங்கள் இவ்வளவு சிரத்தையாக எழுதியதில்லை. ஒருத்தர் எழுதுவதை இன்னொருத்தர் பார்த்துவிடாதபடி இடது கையால் மறைத்துக்கொள்வது வேறு!

எழுதுவது என்ன? நாளைக்கு எந்த அணி எந்தப் புதுப் பையனை எடுக்கும், எவ்வளவுக்கு எடுக்கும் என்ற ஆரூடம்.

விதிமுறைகள் ரொம்ப எளிமை. ஆளுக்குப் பத்துப் பெயர். அணியும் ஆளும் சரியாக இருந்தால் இரண்டு மார்க். ஆள் விலைபோய், அணி மட்டும் தப்பிப்போனால் ஒரு மார்க். விலை பத்து லட்சம் முன்னே பின்னே இருந்தால் போனஸ் ஒன்று. (இந்த போனஸை இன்றுவரை எவரும் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.) ஏற்கெனவே இந்தியாவுக்கு ஆடிவிட்டவர்களை எழுதக் கூடாது. 'விராட் கோலியை பெங்களூரு வைத்துக்கொள்ளும்' என்று எழுதிவிட்டு இரண்டு மார்க் கேட்டு ஒரு வருஷம் சூப்பர்வைசர் ரகளை பண்ணியதால் வந்த விதி அது.

தாள்களைக் கவரில் போட்டு ஒட்டி டீ மாஸ்டரிடம் ஒப்படைப்போம். அவர் அதை பட்டர் பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னால் செருகிவைப்பார். கடைசி இடம் பிடிப்பவர் மற்ற எல்லோருக்கும் பரோட்டா, சுக்கா வாங்கித் தர வேண்டும். காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் மத்திய அரசே சட்டம் போட்டுக் கதவைச் சாத்திவிட்டது. பரோட்டாவில் கைவைக்க இன்னும் எந்த அரசுக்கும் தைரியம் வரவில்லை.

இந்த மார்க் பட்டியலில் அடியேன் பெரும்பாலும் முதல் இரண்டு இடத்துக்குள் இருப்பேன். கிரிக்கெட் ஞானம் காரணமல்ல. காலேஜ் டீமில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் கொண்டுபோன அனுபவம்தான் நமக்கு. ஆனால் பி.காம். படித்தவன். பேரேடு, குறிப்பேடு என்றால் கை தானாக ஓடும். எந்தப் பையன் எத்தனை விக்கெட், ஓவருக்கு எத்தனை ரன், எந்த மைதானத்தில் எப்படி என்று கோடு போட்ட நோட்டில் வருஷக்கணக்காக எழுதி வைத்திருக்கிறேன். 'என்ன மாப்ளே, யாரை எடுப்பாங்க?' என்று ஜனங்கள் கேட்கும்போது ஜாதகக்கட்டைப் பார்க்கிற ஜோஸியர் மாதிரி நோட்டைப் புரட்டிவிட்டுப் பதில் சொல்வேன். அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அதற்காகவே ராத்திரி கண்விழிக்கலாம்.

அந்த மிதப்பில் 2022-ல் ஒரு பையன் விஷயத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பாவமன்னிப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால், இந்த ஆரூட வியாதி எங்கே முற்றிப்போயிருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

* * *

அமெரிக்காவில். அதுவும் கூடைப்பந்தில்.

கூடைப்பந்து எங்கள் சீமைக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. மதுரையிலிருந்து பஸ் ஏறினால் பெரியகுளம். அங்கே கோடையில் நடக்கிற அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி தெற்கே ரொம்பப் பிரசித்தம். ஆனால் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் நடப்பது வேறு தினுசு. 1947-லிருந்து அங்கே புது ஆட்களை 'டிராஃப்ட்' என்ற முறையில் எடுக்கிறார்கள். ஏலம் கிடையாது, வரிசை. போன சீசனில் மோசமாக ஆடியவர்களுக்கு முதல் வாய்ப்பு. அதாவது, பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவனுக்கு முதல் வடை! பணக்கார அணி எல்லா நல்ல ஆட்களையும் அள்ளிக்கொண்டு போய்விடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

நம் ஊர் என்றால் என்ன செய்வோம்? வடைக்காகக் கடைசியில் போய் உட்காருவோம். அங்கேயும் அந்தச் சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே தோற்றால் அடுத்த வருஷம் முதல் ஆள் கிடைப்பானே! அதனால் 1985-லிருந்து குலுக்கல் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு இருக்கிற 30 அணிகளில் பிளே ஆஃப் போகாத 14 அணிகளின் பெயரைப் போட்டுக் குலுக்குகிறார்கள். ரொம்ப மோசமான அணிக்குச் சீட்டு விழ வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். 2025 குலுக்கலில் டல்லாஸ் அணிக்கு முதல் இடம் கிடைக்க இருந்த வாய்ப்பு 1.8 சதவீதம். கிடைத்துவிட்டது. கூப்பர் ஃபிளாக் என்ற இளைஞரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அறுபது பெயரை இரண்டு சுற்றில் எடுப்பார்கள் என்றால், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே பத்திரிகைக்காரர்களும் டி.வி. நிபுணர்களும் 'இந்த அணி இந்த ஆளை' என்று உத்தேசப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குச் சம்பளமே உண்டு. எங்களுக்கு டீதான்.

அந்த டிராஃப்டின் பிரபலமான கதை ஒன்று. வருஷம் 1984. முதல் வாய்ப்பு ஹூஸ்டனுக்கு. ஹக்கீம் ஒலாஜுவான் என்ற நெடிய மனிதரை எடுத்தார்கள். இரண்டாவது வாய்ப்பு போர்ட்லேண்ட் அணிக்கு. அவர்கள் சாம் பௌவி என்ற உயரக்காரரை எடுத்தார்கள். மூன்றாவது வாய்ப்பு சிகாகோவுக்கு. மிச்சம் இருந்த ஒரு பையனை எடுத்தார்கள். பையன் பெயர் மைக்கேல் ஜோர்டன்.

பௌவிக்குக் காலில் காயத்துக்கு மேல் காயம். ஜோர்டன் சிகாகோவுக்கு ஆறு சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை போர்ட்லேண்டைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. நானும் பல வருஷம் செய்திருக்கிறேன். 'ஜோர்டனை விட்டுட்டு வந்திருக்கான் பாருய்யா!'

ஆனால் அவர்கள் பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஜோர்டன் ஆடுகிற அதே இடத்துக்கு முந்தின வருஷம்தான் கிளைட் டிரெக்ஸ்லர் என்ற ஆளை எடுத்து வைத்திருந்தார்கள். அவரும் சோடை இல்லை, பிற்காலத்தில் பெரிய ஸ்டார். அணியில் ஓட்டை விழுந்திருந்தது கூடைக்குக் கீழே நிற்கிற உயரமான ஆளுக்கு. ஓட்டையை அடைத்தார்கள். அடைத்த தக்கை சரியில்லாமல் போனது வேறு விஷயம்.

இன்னொரு கதை இதற்கு நேர்மாறு. 2014-ல் டென்வர் அணி 41-வது ஆளாக செர்பியாவின் நிகோலா யோகிச்சை எடுத்தபோது டி.வி.யில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பின்னால் மூன்று தடவை லீகின் சிறந்த ஆட்டக்காரராகி, 2023-ல் டென்வருக்குச் சாம்பியன் பட்டமும் வாங்கித் தந்தார்.

நம் நாட்டுக்காரர் ஒருவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். பஞ்சாபில் பல்லோ கே என்ற சின்ன கிராமத்து சத்னாம் சிங். ஏழடி இரண்டங்குலம். 2015-ல் 52-வது ஆளாக டல்லாஸ் எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் தேறிய முதல் ஆள் என்று தேசமே கொண்டாடியது. ஆனால் என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. பிறகு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

ஆக, முதலில் எடுக்கப்பட்டவன் முதல்வனும் இல்லை, கடைசியில் எடுக்கப்பட்டவன் கடைசியும் இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

* * *

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆரம்பித்தபோது இங்கேயும் எட்டு அணிகள் டிராஃப்ட் முறையில்தான் ஆள் எடுத்தன. 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில்தான் முதல்முதலாக ஏலம் வந்தது. அந்த ஏலத்தில் சாய் சுதர்சனைக் கோவை அணி 21 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எடுத்தது. வேடிக்கை என்னவென்றால், அதே சமயம் ஐ.பி.எல்.லில் குஜராத் அவரை வைத்திருந்தது 20 லட்சத்துக்கு! மாநில லீகில் விலை அதிகம், அகில இந்திய லீகில் விலை கம்மி. அந்த 20 லட்ச ரூபாய்ப் பையன்தான் 2023 ஐ.பி.எல். ஃபைனலில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்து நம் வயிற்றில் புளியைக் கரைத்தவர். விலைக்கும் சரக்குக்கும் சம்பந்தம் இருக்கிறது. ஆனால் தூரத்துச் சம்பந்தம்.

எங்கள் மதுரை அணி முதல் இரண்டு சீசனிலும் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. டீக்கடையில் அதைப் பற்றிப் பேசுவதற்கே தடை போட்டிருந்தோம். 2018-ல் தலைகீழ். ஃபைனலில் திண்டுக்கல்லுக்கு எதிராக ஒரு ரன்கூட எடுக்காமல் மூன்று விக்கெட்டைப் பறிகொடுத்து, அப்புறம் அருண் கார்த்திக் நின்று ஆடிக் கோப்பையே எங்களுக்கு! அந்த அணியில் ஒரு சுழற்பந்துக்காரர் இருந்தார். ஆர்க்கிடெக்ட் படிப்பு படித்தவர். சின்ன வயதில் விக்கெட் கீப்பர். கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கட்டடம் வரைந்து, திரும்பி வந்து வேகப்பந்து போட்டு, முழங்காலில் அடிபட்டு, கடைசியில் சுழலுக்கு வந்தவர். நடுவில் 'ஜீவா' படத்தில் தலைகாட்டியதும் உண்டு. வருண் சக்கரவர்த்தி.

அந்த சீசனில் ஓவருக்கு ஐந்து ரன்கூடத் தரவில்லை. பிறகு விஜய் ஹஸாரே கோப்பையில் 22 விக்கெட். 2018 டிசம்பரில் ஜெய்ப்பூர் ஏலம். அடிப்படை விலை 20 லட்சம். நம்ம ஊர் அணிக்கு ஆடியவர் என்ற பாசத்தில் நாங்கள் எல்லோரும் அவர் பெயரை எழுதினோம். விலை? கேஷியர் எழுதியது 40 லட்சம். நான் துணிச்சலாக ஒரு கோடி. இன்ஷூரன்ஸ்காரர், 'ஒரு கோடியா? ஏன்ணே, ஆளு ரெண்டு பேரா?' என்று சிரித்தார்.

8 கோடியே 40 லட்சம்! பஞ்சாப் எடுத்தது.

டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, 'ஆத்தாடி, எட்டுக் கோடியா?' என்றார். எப்படி அவ்வளவு போனது? அந்தப் பந்தை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று பேட்ஸ்மேனுக்குப் புரியவில்லை. அது ஒரு காரணம். பெரிய காரணம், அந்த மாதிரி ஒரு பௌலர் வேண்டும் என்று பல அணிகளுக்கு ஒரே நாளில் பசி எடுத்தது. சரக்கு ஒன்று, இலையில் உட்கார்ந்தவர்கள் பல பேர்.

அடுத்த வருஷம் அவருடைய முதல் ஐ.பி.எல். மேட்ச். முதல் ஓவரிலேயே சுனில் நரைன் அடிக்க, 25 ரன் போனது. விரலில் காயம் வேறு. அந்த சீசனில் அந்த ஒரே மேட்ச்தான். பஞ்சாப் விட்டுவிட்டது. கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2020-ல் 17 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூஸிலாந்துக்கு எதிராக துபாயில் ஐந்து விக்கெட். 8.4 கோடிக்கு வாங்கியவனுக்குக் கிடைக்காதது, பாதி விலைக்கும் குறைவாக வாங்கியவனுக்குக் கிடைத்தது.

ஆனால் அந்த 2018 டிசம்பரில் என் மண்டையில் பதிந்த பாடம் வேறு. 'பார்த்தாயா, நான் ஒரு கோடி எழுதினேன். மற்றவர்களைவிட நான்தான் பக்கத்தில்!' தப்பான கணக்குக்கு மார்க் வாங்கிவிட்டால் திருந்துவது கஷ்டம்.

* * *

இப்போது அந்தப் பையன்.

எழுத்து எனக்கு உபதொழில். வயிற்றுக்கு, நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதில் ஒன்று வெற்றிலை கமிஷன் மண்டி. சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு கொடிக்கால் சம்சாரி அங்கே சரக்குக் கொண்டுவருவார். அவருடைய மகன் பி.காம்., இடதுகை ஸ்பின்னர். விடிகாலையில் ரயிலேறி மதுரைக்கு வந்து பிராக்டீஸ் பண்ணிவிட்டு, அப்படியே காலேஜுக்குப் போய் வந்தவன். பந்து போடுகிற அழகைப் பார்த்தால், தறியில் நாடா போய் வருகிற மாதிரி இருக்கும். என் நோட்டில் அவனுக்குத் தனிப் பக்கம்.

2022-ல் ஒரு லீகின் ஏலப் பட்டியலில் அவன் பெயர் வந்தது. லீகின் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அதே வாரத்தில் கோயமுத்தூரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து வேலைக்கு ஆர்டரும் வந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஏலம் ஆறாம் தேதி.

அப்பாவும் மகனும் மண்டிக்கு வந்தார்கள். பெரியவர் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

''சார், நீங்க படிச்சவுக. பத்திரிகைல எல்லாம் எழுதுறவுக. இவனை எடுத்துருவாகளா?''

நோட்டைப் புரட்டினேன். புரட்டத் தேவையே இல்லை. இருந்தாலும் ஜோஸியர் கட்டத்தைப் பார்க்காமல் சொன்னால் மரியாதை இருக்காதே!

''கண்டிப்பா எடுப்பாங்க. வேணும்னா எழுதியே தர்றேன்.''

மண்டி பில்லின் பின்பக்கத்தில் அணியின் பெயர் எழுதி, 'மூணு லட்சம்' என்று போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பையன் தயங்கினான். ''அண்ணே, முதல்ல வேலைல சேர்ந்துர்றேன். எடுத்தாங்கன்னா லீவு போட்டுட்டு வந்துரலாம்லண்ணே?''

''சேந்த ஆறாம் நாளு எவன்டா லீவு கொடுப்பான்? பத்து நாள் டயம் கேளு, போதும்'' என்றேன். யோசனை சொல்வதற்குச் செலவா?

கேட்டான். கம்பெனிக்காரர்கள் 'பார்க்கலாம்' என்றார்கள். பார்த்தார்கள். ஐந்தாம் தேதி வேறு ஒருவரைச் சேர்த்துவிட்டார்கள்.

ஆறாம் தேதி ஏலம். செல்போனும் கையுமாக நாங்கள் டீக்கடையில். பட்டியலில் அவனுக்கு முன்னால் ஆறு இடதுகை ஸ்பின்னர்கள். முதல் மூன்று பேரிலேயே வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் எழுதிக் கொடுத்த அணி இரண்டாவது ஆளையே எடுத்துவிட்டது. அப்புறம் மிச்சம் இருந்த காசு பேட்ஸ்மேனுக்கும் வேகப்பந்துக்கும் போனது. சாயங்காலம் அணிகள் நிறைந்துவிட்டன. கடைசிச் சுற்றில் ஏலக்காரர் சில பெயர்களை மட்டும் வாசித்து முடித்துவிட்டார். இந்தப் பையன் விலைபோகவில்லை என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. பெயரையே வாசிக்கவில்லை.

அடுத்த நாள் மண்டிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாள் போகாமல் முடியவில்லை. பெரியவர் சரக்கோடு வந்திருந்தார். நான் பேரேட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

''என்ன சார், நீங்க எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக? நம்ம சரக்குல குத்தம் இல்ல சார். நமக்கு முன்னாடி வந்த கட்டை வாங்கிட்டாக. நம்ம கட்டு வர்றப்ப வாங்குறவன் கை நிறைஞ்சு போச்சு. இது என்ன இந்த மண்டில நடக்காததா?''

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நடக்காததா? தினம் நடக்கிறது. தினம் நான்தான் எழுதுகிறேன். ஒரே கொடிக்கால், ஒரே கைகள் கிள்ளிய இலை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் வந்தால் ஒரு கவுளிக்கு ஒரு விலை; கல்யாணமே இல்லாத வாரத்தில் வந்தால் பாதி விலை. காலை ஆறு மணிக்கு வந்த கட்டுக்கு அடிதடி. எட்டு மணிக்கு வந்ததைத் திரும்பிப் பார்க்க ஆளிருக்காது. இலை மாறவில்லை; வாங்குகிறவன் தேவை மாறிவிட்டது. ஐந்து வருஷமாக இந்தக் கணக்கைப் பேரேட்டில் எழுதுகிறவன், பையன் விஷயத்தில் இலையை மட்டும் பார்த்துவிட்டு விலை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மண்டியைப் பார்க்கவில்லை.

டீக்குக் காசு கொடுக்க அவர் சட்டைப்பையில் கைவிட்டார். சில்லறையோடு என் சீட்டும் வெளியே வந்தது. பார்த்தார். மறுபடியும் மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கிழித்து என் மூஞ்சியில் வீசியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன்.

பையனுக்கு அடுத்த வேலை கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. மதுரையிலேயே ஒரு டூவீலர் ஷோரூமில் அக்கவுன்ட்ஸ். கோயமுத்தூர் சம்பளத்தைவிட நாலாயிரம் கம்மி. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் பந்து போடுகிறான். தறி நாடா இன்னமும் அப்படியேதான் ஓடுகிறது.

* * *

அந்த வருஷத்துக்குப் பிறகு என் நோட்டில் கோடு போடுகிற விதத்தை மாற்றிவிட்டேன். இடது பக்கம் பையன்களின் கணக்கு. வலது பக்கம் அணிகளின் கணக்கு. யார் கிளம்பிப் போயிருக்கிறார், எந்த இடம் காலி, பையில் எவ்வளவு பாக்கி, அதே பசி வேறு யார் யாருக்கு, பட்டியலில் அந்த வகை ஆட்கள் எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது பேலன்ஸ் ஷீட் அல்ல, வெறும் பாராட்டுப் பத்திரம்.

ஆபீஸ் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இன்டர்வியூவில் உங்களை எடுக்கவில்லை என்றால் ஒரு ராத்திரி துக்கம் கொண்டாடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன ஓட்டை இருந்தது, உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தார்கள் என்பது உங்கள் சர்ட்டிஃபிகேட்டில் இல்லை. அதைவிட முக்கியம்: எவனாவது நோட்டைப் புரட்டி 'கண்டிப்பாக' என்று சொன்னால், கையில் இருக்கிற ஆர்டரை விட்டுவிடாதீர்கள். அவன் என்னை மாதிரி ஆளாக இருக்கலாம்.

2025 டிசம்பர் 15, சாயங்காலம். மறுநாள் அபுதாபியில் ஏலம். பெஞ்சில் ஆறாவதாக ஓர் ஆள். ஷோரூம் யூனிஃபார்மோடு வந்து, ''எனக்கும் ஒரு பேப்பர் கொடுங்கண்ணே'' என்றான் பையன். எல்லோரும் பத்துப் பத்துப் பெயர் எழுதி முடிப்பதற்குள் அவன் மூன்றே வரி எழுதிக் கவருக்குள் போட்டுவிட்டான்.

மறுநாள் ராத்திரி கவரைப் பிரித்தோம். அவன் தாளில் இருந்தது: 'சென்னை. ஜடேஜா போன இடம் காலி. இடதுகை ஸ்பின் போட்டு, மட்டையும் பிடிக்கிற சின்னப் பையன் யாராக இருந்தாலும் விடமாட்டார்கள், விலை எகிறும்.'

ஒரு மாதத்துக்கு முன்னால்தான் சென்னை ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியிருந்தது. ஏலத்தில் உத்தரப்பிரதேசத்துப் பிரசாந்த் வீர் என்ற இடதுகை ஸ்பின் ஆல்ரவுண்டரை, இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாத இளைஞரை, 30 லட்சத்தில் ஆரம்பித்து 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. விடவில்லை!

பெஞ்சில் ஒரே கைதட்டல். கேஷியர் மட்டும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சட்டம் பேசினார். ''எல்லாம் சரி. பேரு எங்க? பேரு இல்லாட்டி மார்க் கிடையாது. ரூல் ரூல்தான்.''

ஆக, ஊரிலேயே சரியாகச் சொன்னவன் பூஜ்ஜியம் வாங்கி, பரோட்டா வாங்கித் தர வேண்டியவன் ஆனான். பையன் சிரித்துக்கொண்டே பர்ஸை எடுத்தான். நான் முந்திக்கொண்டு பில்லைக் கொடுத்தேன். 'ரூலை மீறக்கூடாதுண்ணே' என்று என் கையைப் பிடித்தான். விடவில்லை. எனக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் வைத்து மெதுவாகச் சொன்னான்.

''அண்ணே, நீங்க எழுதிக் கொடுத்தீங்கள்ல ஒரு சீட்டு... அப்பா அதை இன்னும் வச்சிருக்காருண்ணே. பெட்டிக்குள்ள, பத்திரத்தோட.''

''எதுக்குடா அதை வச்சிருக்காரு? தூக்கிப் போடச் சொல்லுடா.''

''நானும் சொன்னேன். கேக்க மாட்டேங்குறாரு. 'எம் மகன் மூணு லட்சம் பெறுவான்னு படிச்ச மனுசன் ஒருத்தர் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்காரு'ங்குறாரு.''